நாப்தா தீரவில்லை, பை தீர்ந்தது

காலை ஆறரை மணி. ஷிஃப்ட் மாறும் நேரம். பேக்கிங் பிரிவிலிருந்து ஃபோன் வந்தது.

"சார், ஃபிலிம் ரோல் நாலுதான் இருக்கு. மத்தியானம் வரைக்கும் ஓடும்."

"மத்தியானத்துக்கு மேல?"

"அதைக் கேக்கத்தான் சார் கூப்பிட்டேன்."

பாலிஎத்திலீன் குருணையை 25 கிலோ பையில் அடைக்கிற இயந்திரத்துக்குக் குழாய் வடிவில் வரும் பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல் வேண்டும். இயந்திரமே வெட்டும், அடியை ஒட்டும், நிரப்பும், வாயை மூடும். அந்த ஃபிலிமும் பாலிஎத்திலீன்தான். எங்களிடமிருந்து குருணை வாங்கி, வேறொருவர் ஃபிலிமாக ஊதி, எங்கள் பெயரை அச்சடித்து, எங்களுக்கே விற்பார். ஆயிரக்கணக்கான டன் பாலிஎத்திலீன் செய்கிற இடத்தில் பாலிஎத்திலீன் பை இல்லை என்பதைக் கேட்டு முதலில் சிரிப்புதான் வந்தது. மாலைக்குள் சிரிப்பு போய்விட்டது.

பை இல்லையென்றால் சரக்கு சைலோ என்கிற உயரமான சேமிப்புக் கலத்திலேயே நிற்கும். அன்றைக்கு சைலோக்கள் ஏற்கெனவே எண்பது சதவீதம் நிறைந்திருந்தன. ஜம்போ பையில் அடைக்கலாம் என்று பார்த்தோம். கையிருப்பு இரண்டு நாளைக்கு வந்தது, வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம் அதை இறக்க வசதியில்லை. சைலோ நிறைந்தால் பாலிஎத்திலீன் செய்கிற ரியாக்டரின் லோடைக் குறைக்க வேண்டும். அதைக் குறைத்தால் அதற்கு மூலப்பொருளான எத்திலீன் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. எத்திலீன் ஒன்றும் தண்ணீர் இல்லையே, தொட்டியில் ஊற்றி வைக்க. சாதாரண அழுத்தத்தில் திரவமாக வைக்க மைனஸ் 104 டிகிரி குளிர் வேண்டும், அப்படிப்பட்ட தொட்டி எங்களிடம் ஒன்றே ஒன்று. அதுவும் நிறைந்தால், கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவைச் சூட்டில் உடைத்து எத்திலீன் எடுக்கிற கிராக்கரின் ஓட்டத்தையே இறக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கிராக்கரை 68 சதவீதத்துக்கு இறக்கினோம். நாப்தா தொட்டிகள் நிறைந்திருந்தன. மின்சாரம் இருந்தது, ஆள் இருந்தது, வாங்குகிறவர் வரிசையில் நின்றார். இல்லாதது பை.

எனக்கு இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் பாதி கண்ட்ரோல் ரூமில், மீதி திட்டமிடல் மேசையில். நாப்தாவை உடைக்கிற உலையான ஃபர்னஸ் பக்கத்திலிருந்தும் கப்பல் அட்டவணைப் பக்கத்திலிருந்தும் ஒரே ஆலையைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கூட்டங்களில் எப்போதும் கச்சா எண்ணெய் விலை, எரிவாயு விலை, நாப்தா விலை என்று பெரிய எண்கள்தான் திரையில் ஓடும். ஆனால் என் கண்முன் ஆலை நின்ற நாட்களை எண்ணிப் பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட அந்தப் பெரிய எண்களால் நின்றதில்லை. அந்த நாட்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பை கதையிலேயே இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. கிராக்கரை 68 சதவீதத்தில் ஓட்டினால் செலவும் 68 சதவீதமாகும் என்று கணக்குப் பிரிவில் ஒருவர் போட்டு வைத்திருந்தார். அப்படி ஆகாது. ஃபர்னஸிலிருந்து வரும் வாயுவை அழுத்துகிற பெரிய கம்ப்ரஸருக்கு ஒரு குறைந்தபட்ச ஓட்டம் உண்டு. அதற்குக் கீழே போனால் வாயு முன்னும் பின்னும் மோதி இயந்திரத்தை உலுக்கிவிடும். சர்ஜ் என்பார்கள். அதைத் தடுக்க ஒரு ரீசைக்கிள் வால்வு திறந்து, அழுத்திய வாயுவையே மறுபடி முன்னால் கொண்டுவந்து விடும். அழுத்தியதையே திரும்ப அழுத்துகிறோம், கம்ப்ரஸரை ஓட்டுகிற ஸ்டீம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். காய்ச்சி வடிக்கிற கோபுரங்களுக்கும் இதே மாதிரி ஒரு குறைந்தபட்சம் உண்டு. அந்த வாரம் ஒரு டன் எத்திலீனுக்கு நாங்கள் செலவழித்த எரிசக்தி, நல்ல நாளில் செலவழிப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். பை வாங்குகிற பிரிவின் கணக்கில் இது எங்கேயும் வரவில்லை. எரிசக்திச் செலவு ஏன் ஏறியது என்று என்னைத்தான் கேட்டார்கள்.

எரிசக்தி ஒரு பிரச்சினை, சப்ளை இன்னொரு பிரச்சினை என்று இரண்டு கோப்பாகப் பிரித்து வைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். இந்தத் தொழிலில் அவை தனித்தனி இல்லை. சர்வதேச எரிசக்தி முகமை 2018 இல் போட்ட கணக்கில், உலக எண்ணெய்த் தேவையில் சுமார் 14 சதவீதமும் எரிவாயுத் தேவையில் சுமார் 8 சதவீதமும் பெட்ரோகெமிக்கலுக்குப் போகிறது. இந்தத் துறைக்குள் வரும் எரிசக்தியில் பாதிக்கு மேல் அடுப்பில் எரிவதில்லை, மூலப்பொருளாகப் பொருளுக்குள்ளேயே போய்விடுகிறது. சிமென்ட் ஆலைக்கு நிலக்கரி அடுப்புக்கு மட்டும். எங்களுக்கு ஒரே எண்ணெய்க் கிணறுதான் அரிசியும் விறகும். கிணற்றில் பிரச்சினை என்றால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அடுத்தது கையிருப்பு. திட்டமிடல் மேசைக்கு வந்த புதிதில் நான் வாங்கிய முதல் அடி இதில்தான். நாப்தா கப்பல் ஐந்து நாள் தாமதம் என்று செய்தி வந்தது. திரையில் பார்த்தேன், ஏழு நாளைக்குச் சரக்கு இருக்கிறது என்று காட்டியது. கவலையில்லை என்று மேலே சொல்லிவிட்டேன். தொட்டிப் பகுதியை இருபது வருடமாகப் பார்த்துவந்த பெரியவர் ஒருவர் என் மேசைக்கு வந்து, "தம்பி, கூரையைக் கழிச்சீங்களா?" என்றார். எனக்குப் புரியவில்லை.

நாப்தா தொட்டிகளுக்கு மிதக்கும் கூரை. திரவத்தின் மேலேயே கூரை உட்கார்ந்திருக்கும், ஆவி சேர இடம் விடாது. அந்தக் கூரைக்குக் கால்கள் உண்டு. மட்டம் ஒரு அளவுக்குக் கீழே போனால் கால் தரையில் ஊன்றிக்கொள்ளும், கூரைக்கும் திரவத்துக்கும் நடுவே காற்றும் ஆவியும் கலந்து நிற்கும். அது ஆபத்து. அதனால் அந்த மட்டத்துக்குக் கீழே யாரும் இறக்க மாட்டார்கள். எங்கள் தொட்டிகள் 60 மீட்டர் விட்டம், கூரை ஊன்றுகிற மட்டம் 1.8 மீட்டர். போட்டுப் பாருங்கள்: ஒரு தொட்டியில் 5,000 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல், நாப்தாவின் அடர்த்தி 0.7 என்று வைத்தால் சுமார் 3,500 டன். மூன்று தொட்டிக்குப் பத்தாயிரம் டன்னைத் தாண்டும். நாளுக்கு 5,000 டன் குடிக்கிற கிராக்கருக்கு அது இரண்டு நாள் சரக்கு. திரையில் இருக்கும், தொட்டியிலும் இருக்கும், எடுக்க மட்டும் முடியாது.

ஏழு நாள் ஐந்தாயிற்று. போதாததற்கு, மூன்றில் ஒரு தொட்டி அப்போது கப்பலிலிருந்து இறக்கி ஆய்வக முடிவுக்காகக் காத்திருந்தது. முடிவு வரும் வரை அதிலிருந்து எடுக்கக் கூடாது. உண்மையில் கையில் இருந்தது நான்கு நாளைக்கும் குறைவு. மேலே போய், சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் லோடை அன்றைக்கே குறைத்ததால் கிராக்கரை நிறுத்தாமல் தப்பித்தோம். அதற்குப் பிறகு நான் போடுகிற எந்த அறிக்கையிலும் "மொத்தம்" என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "எடுக்கக்கூடியது" என்று இன்னொரு எண் இருக்கும். முதலாவதை நான் பார்ப்பதே இல்லை.

2021 ஐ இந்தத் தொழிலில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். பிப்ரவரி நடுவில் டெக்சாஸ் உறைந்தது. எரிவாயுக் குழாய், மின்நிலையம், ஆலைக்குள் இருக்கும் கருவிக் குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்தன. அமெரிக்காவின் எத்திலீன் உற்பத்தித் திறனில் பெரும்பகுதி அந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறது. அது ஒரே வாரத்தில் நின்றது. ஒரு மாதம் கழித்து, மார்ச் 23 ஆம் தேதி, 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றது. செய்தியில் எல்லோரும் எண்ணெய்க் கப்பல்களைப் பற்றிப் பேசினார்கள். எங்களுக்கு வலித்தது டீல்.

டீல் என்று நாங்கள் கூப்பிடுவது ட்ரைஎத்தில் அலுமினியம். பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக்கைச் செய்ய வினையூக்கியோடு சேர்த்துப் போடுகிற துணைப் பொருள். ஒரு டன் பாலிமருக்குச் சில நூறு கிராம் போதும். அது இல்லாமல் ஒரு கிலோ பாலிமர் வராது. காற்று பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் வெடிக்கிற மாதிரி வினைபுரியும். உலகத்தில் செய்கிறவர்கள் விரல் விட்டு எண்ணலாம். தனிச் சிலிண்டரில் வரும், அபாயச் சரக்கு என்ற முத்திரையோடு. கன்டெய்னர் இடத்துக்கு அடிதடி நடந்த 2021 இல் ஒரு கப்பல் நிறுவனம் முதலில் எதை இறக்கிவிடும்? பொம்மையையா, காற்று பட்டால் எரிகிற சரக்கையா? மூன்று கப்பல் எங்கள் சிலிண்டரை ஏற்றாமல் போயின.

இன்னும் ஒரு முடிச்சு இருந்தது, அதை நாங்கள் பார்க்கவே இல்லை. அந்தச் சிலிண்டர்கள் சப்ளையருடையவை. காலியானதைத் திருப்பி அனுப்பினால்தான் நிரப்பி அனுப்ப முடியும். எங்கள் காலிச் சிலிண்டர்களோ ஆலையின் பின்புறம் வெயிலில், வரிசையாக, துறைமுகத்துக்குப் போகக் கன்டெய்னர் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தன. சரக்கு வரவில்லை என்று தினமும் சப்ளையரைத் திட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அந்தப் பக்கமிருந்த பெண் பொறுமையாகக் கேட்டார்: "உங்ககிட்ட எங்க சிலிண்டர் 22 இருக்கு, அது எப்ப வரும்?" அதோடு அந்த 22 இல் ஆறுக்கு ஐந்தாண்டு அழுத்தச் சோதனைத் தேதி அடுத்த மாதம் முடிகிறது என்றும் சொன்னார். தேதி தாண்டிய சிலிண்டரைக் கப்பல் தொடாது.

அன்றிலிருந்து நிறைந்தது எத்தனை என்று மட்டும் நான் கேட்பதில்லை. காலி எத்தனை, எங்கே நிற்கிறது, சோதனைத் தேதி எப்போது என்ற மூன்றையும் சேர்த்துத்தான் கேட்பேன். மரப் பலகைத் தட்டுக்கும் இதே கதிதான். ஏற்றுமதிக்குப் போகிற பேலட்டில், பூச்சி போகச் சூடுபடுத்தியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச முத்திரை இல்லையென்றால் போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் முழுக் கன்டெய்னரையும் நிறுத்திவிடுவார்கள். ஒருமுறை நிறுத்தினார்கள். அதை விரிவாக எழுத இஷ்டமில்லை.

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியது. அடுத்த சில வாரங்களில் பெரும்பாலான நிறுவனங்கள் சூயஸை விட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஆசியாவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் நடுவே பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல். அதே நேரத்தில் பனாமா கால்வாயில் வறட்சி, காட்டூன் ஏரியில் தண்ணீர் இல்லை. வழக்கமாக நாளுக்கு 36 கப்பலுக்கு மேல் போகிற இடத்தில், வருடக் கடைசியில் 24 ஐ ஒட்டி இறங்கியது. இரண்டு கதவும் ஒரே நேரத்தில் பாதி சாத்தியிருந்தன. தாமதத்துக்கு நாங்கள் தயாராகத்தான் இருந்தோம், 2021 கற்றுக்கொடுத்திருந்தது. கூடுதல் சரக்கு, கூடுதல் நாள் எல்லாம் போட்டு வைத்திருந்தோம். ஆனால் எங்கள் மனதில் தாமதம் என்றால் நாள்கணக்கு மட்டும்தான். ஸ்டைரீன் வேறு பாடம் எடுத்தது.

ஸ்டைரீன் என்பது தெர்மோகோல் மாதிரிப் பிளாஸ்டிக்குக்கு மூலமான திரவம். அது சும்மா இருக்காது. விட்டால் தானே ஒன்றோடொன்று பிணைந்து பாலிமராக ஆரம்பிக்கும். சூடு கூடக் கூட வேகமாகும், வேகம் கூடினால் இன்னும் சூடு. அதைத் தடுக்க டி.பி.சி. என்ற தடுப்பானைப் பத்துப் பதினைந்து பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பதினைந்து பங்கு, கலந்து அனுப்புவார்கள். டி.பி.சி. வேலை செய்ய அந்தத் திரவத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். பலருக்கு இங்கேதான் தலை சுற்றும். எரியக்கூடிய சரக்கு என்றால் மேலே நைட்ரஜனை நிரப்பி ஆக்சிஜனை வெளியேற்றுவதுதானே பழக்கம்? இதற்கு அந்தப் பழக்கமே விஷம்.

எங்களுக்கு வந்த கப்பலின் மூன்று வாரப் பயணம் ஐந்து வாரத்தை நெருங்கியது. வெப்பமண்டலக் கடல் வழியாக, கோடையில். வந்து சேர்ந்த அன்று மாதிரி எடுத்தோம். ஆய்வகத்துப் பையன் ஒரு சோதனைக்குழாயில் மாதிரியை ஊற்றி, மெத்தனாலைச் சேர்த்து, ஜன்னல் பக்கம் பிடித்துக் காட்டினான். தெளிவாக இருக்க வேண்டியது, பால் ஒரு சொட்டு விட்ட தண்ணீர் மாதிரி மங்கலாக இருந்தது. பாலிமர். தடுப்பான் நான்கு பிபிஎம்முக்கு வந்துவிட்டது. பாதுகாப்பு என்று நினைத்து வழியில் தொட்டிக்கு நல்ல சுத்தமான நைட்ரஜனை விட்டிருக்கிறார்கள்.

கப்பலில் தடுப்பான் சான்றிதழ் இருந்தது. எந்தத் தடுப்பான், எவ்வளவு, ஆக்சிஜன் தேவையா, எந்த வெப்பநிலை வரை, எத்தனை நாளுக்குச் செல்லும், எல்லாம் அதில் எழுதித்தான் இருந்தது. நாள் கணக்கு மூன்று வாரப் பயணத்துக்குப் போட்டது. கப்பல் வழியை மாற்றிய அன்றே அந்தத் தாளை யாராவது எடுத்துப் படித்திருந்தால் வழியிலேயே டி.பி.சி. சேர்த்திருக்கலாம், நைட்ரஜனை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கமும் படிக்கவில்லை, நான் உட்பட. சரக்கை மலிவாகக் கழித்துக்கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போது பாதை மாறினால் எனக்கு வரும் மின்னஞ்சலில் புதிய வருகைத் தேதியோடு சான்றிதழின் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அக்ரிலிக் அமிலமும் இதே ரகம்தான், அதன் தடுப்பானுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

சப்ளை பற்றிப் போதும், மின்சாரத்துக்கு வருகிறேன்.

ஒரு மழைநாள் இரவு, எங்கோ தொலைவில் மின்கம்பியில் இடி விழுந்தது. மின்சாரம் போகவில்லை. விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டியது, அவ்வளவுதான். பதிவுக் கருவியில் பிறகு பார்த்தபோது, மின்னழுத்தம் பாதியாக இறங்கி 0.3 விநாடியில் திரும்பியிருக்கிறது. பெரிய கம்ப்ரஸர் ஸ்டீம் டர்பைனில் ஓடுகிறது, அதற்கு மின்சாரமே வேண்டாம் என்று கண்ட்ரோல் ரூமில் யாரும் பதறவில்லை. பத்து விநாடி கழித்து அலாரம் பலகை முழுக்கச் சிவந்தது. கம்ப்ரஸர் ட்ரிப், தானாகவே நின்றுவிட்டது.

நடந்தது இது. அந்தக் கம்ப்ரஸரின் மசகு எண்ணெய்ப் பம்பு மின்மோட்டாரில் ஓடுவது. மோட்டாரைப் பிடித்து வைத்திருக்கும் கான்டாக்டர் ஒரு மின்காந்தம். மின்னழுத்தம் பாதியாகும்போது விட்டுவிடும். மின்சாரம் திரும்பினாலும் அது தானாக மறுபடி பிடிக்காது. சரி, பக்கத்துப் பம்பு தானே ஓட ஆரம்பிக்க வேண்டுமே? இரண்டு வாரத்துக்கு முன் பராமரிப்பு நடந்தபோது அதன் செலக்டர் ஸ்விட்ச்சை "மேனுவல்" பக்கம் திருப்பியவர்கள் திரும்ப "ஆட்டோ"வில் வைக்கவில்லை. சரி, சில விநாடிக்கு எண்ணெய் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க அக்குமுலேட்டர் இருக்கிறதே? அதன் ரப்பர்ப் பைக்குள் இருக்க வேண்டிய நைட்ரஜன் எப்போதோ கசிந்து போயிருந்தது. மூன்று காவலாளி, மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள்.

கம்ப்ரஸர் நின்றால் ஃபர்னஸிலிருந்து வருகிற அத்தனை வாயுவும், வேண்டாததை எரித்துவிடுகிற உயரமான குழாயான ஃப்ளேருக்குத்தான் போகும். அன்றிரவு ஃப்ளேர் எரிந்ததில் ஆலைக்கு வெளியே இரவு பகலானது. திரும்ப ஓட வைக்க நான்கு நாள் பிடித்தது. 850 டிகிரியில் இருக்கிற ஃபர்னஸை ஸ்டீமில் சூடாக வைத்துக்கொண்டு, மறுமுனையில் மைனஸ் நூறுக்கும் கீழே போக வேண்டிய குளிர்ப் பகுதியை மணிக்கு இத்தனை டிகிரி என்று அளந்து அளந்து இறக்க வேண்டும், அவசரப்பட்டால் அலுமினிய வெப்பமாற்றி விரிசல் விடும். அப்புறம் எத்திலீனில் கலந்திருக்கும் அசெட்டிலீன் என்கிற அழுக்கு அளவுக்குள் வரும் வரை வருவதையெல்லாம் எரித்துத் தள்ள வேண்டும். நான்கு நாளும் நாப்தாவை வாங்கி வானத்தில் எரித்தோம். வருடம் முழுக்க எரிசக்திச் சேமிப்புக் குழு சேமித்ததைவிட அந்த நான்கு நாளில் எரிந்தது அதிகம்.

பிறகு பெரிய யோசனைகள் வந்தன. தனி மின்நிலையம், இரண்டாவது மின்பாதை என்று. நடந்தது வேறு. மின்பிரிவில் இருந்த இருவர் ஒரு மாதம் உட்கார்ந்து, ஆலையில் இருக்கிற ஒவ்வொரு சின்ன மோட்டாரையும் பட்டியல் போட்டார்கள். எது நின்றால் எது நிற்கும் என்று. அறுபது மோட்டார் தேறியது. அவற்றின் கான்டாக்டருக்குப் போகும் கட்டுப்பாட்டு மின்சாரத்தை மட்டும் பேட்டரி வழியாகக் கொடுத்தார்கள். பெரிய மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்ப ஓட ஆரம்பித்தால் மின்னழுத்தம் மறுபடி விழும், அதனால் விநாடி இடைவெளி விட்டு வரிசையாக எழும்படி வைத்தார்கள். செலக்டர் ஸ்விட்ச் மேனுவலில் இருந்தால் கண்ட்ரோல் ரூமில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அக்குமுலேட்டர் அழுத்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஆறேழு முறை விளக்கு சிமிட்டியது, ஆலை ஓடிக்கொண்டே இருந்தது.

சேமிப்பு பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. 2022 இல் எரிவாயு விலை ஏறியபோது எல்லா ஆலையிலும் எரிசக்தி இயக்கம் தொடங்கியது. ஐரோப்பாவில் டச்சுச் சந்தை விலை அந்த ஆகஸ்டில் ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. பல காலம் 20 யூரோவை ஒட்டி இருந்த விலை அது. ஜெர்மனியின் லுட்விக்ஷாஃபனில் பாஸ்ஃப் என்ற ரசாயன நிறுவனம் தன் அம்மோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தது. எங்களுக்கும் நெருக்கடி வந்தது. ஸ்டீம் ட்ராப்களைச் சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

ஸ்டீம் ட்ராப் என்பது ஸ்டீமைப் பிடித்து வைத்து, குளிர்ந்து தண்ணீரானதை மட்டும் வெளியே விடுகிற சின்ன வால்வு. பழுதானால் ஸ்டீமையே விட்டுக்கொண்டிருக்கும். 10 பார் அழுத்தமுள்ள ஸ்டீமில் 3 மி.மீ துளை திறந்தே கிடந்தால் மணிக்கு சுமார் 40 கிலோ, வருடத்துக்கு 350 டன். எங்கள் ஆலையில் மூவாயிரத்துக்கு மேல் ட்ராப். காதில் ஒலிக்கருவியும் கையில் வெப்பமானியுமாக ஆறு வாரம் நடந்தோம். ஐந்தில் ஒன்று கசிந்தது. மாற்றினோம். மாதக் கடைசியில் எரிவாயுக் கட்டணத்தைப் பார்த்தேன். அசையவே இல்லை.

ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு பழைய ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவர் ஆலையின் மேற்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கையை நீட்டினார். கூரை மேல் ஒரு வென்ட்டிலிருந்து, அதாவது மிஞ்சிய ஸ்டீமை வெளியே விடுகிற குழாயிலிருந்து, ஸ்டீம் போய்க்கொண்டிருந்தது, முன்பைவிடப் பருமனாக. நாங்கள் சரிசெய்ததில் பெரும்பாலானவை குறைந்த அழுத்த ஸ்டீம் ட்ராப்கள். டர்பைன்களிலிருந்து வெளியேறும் குறைந்த அழுத்த ஸ்டீம் எங்களிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தது. நாங்கள் தரையில் மிச்சம் பிடித்தது, கூரையில் வெளியேறிக்கொண்டிருந்தது.

கிராக்கரின் எரிபொருளுக்கும் இதே நியாயம்தான். ஃபர்னஸில் எரிவது பெரும்பாலும் கிராக்கிங்கில் துணையாக வருகிற மீத்தேனும் ஹைட்ரஜனும். ஃபர்னஸில் மிச்சம் பிடித்தால் அந்த வாயு எங்கே போகும்? வெளியிலிருந்து வாங்குகிற எரிவாயுவைக் குறைத்தால் லாபம். வாங்கவே இல்லையென்றால், மிச்சம் பிடித்தது ஃப்ளேருக்குப் போகும். அதனால் இப்போது யாராவது சேமிப்பு யோசனையோடு வந்தால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன் "அது எங்கே போய்ச் சேரும்?" என்று கேட்கிறேன். விரலால் குழாய் வழியே தொட்டுக்கொண்டே போய், கடைசியில் பணம் கொடுத்து வாங்குகிற ஒரு மீட்டரில் முடிய வேண்டும். முடிந்தால் செய்யலாம். நாங்கள் அதற்குப் பிறகு இரண்டு பம்புகளை டர்பைனிலிருந்து மின்மோட்டாருக்கு மாற்றினோம், குறைந்த அழுத்த ஸ்டீமின் வரத்து குறைந்தது, வென்ட் மூடியது, அப்போதுதான் நாங்கள் மாற்றிய ட்ராப்களின் மிச்சம் கட்டணத்தில் தெரிந்தது. எட்டு மாதம் தாமதமாக.

ஃபர்னஸ் பற்றி ஒரே ஒரு விஷயம். தீயைப் பார்க்கச் சுவரில் சின்னக் கதவுகள் இருக்கும். பார்த்துவிட்டுச் சாத்தாமல் போவார்கள். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு, குளிர்காற்றை உறிஞ்சும். புகைபோக்கியில் ஆக்சிஜன் அதிகம் என்று கருவி காட்டும். உடனே பர்னருக்குக் காற்றைக் குறைப்பார்கள், பர்னர் காற்றில்லாமல் மூச்சுத் திணறும். கருவி பொய் சொல்லவில்லை, கதவு சொன்னது. முதலில் நடந்து போய்க் கதவைச் சாத்துங்கள், அப்புறம் கருவியைப் பாருங்கள்.

இப்போது மின்சார ஃபர்னஸ் பற்றிப் பேச்சு. பாஸ்ஃப், சாபிக், லிண்டே மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2024 ஏப்ரலில் லுட்விக்ஷாஃபனில் ஒரு சோதனை ஆலையைத் திறந்தார்கள். மணிக்கு சுமார் 4 டன் ஹைட்ரோகார்பன், 6 மெகாவாட் மின்சாரம். நல்ல முயற்சி, கார்பன் வெளியேற்றம் குறைய வேறு வழியும் அதிகமில்லை. என்னைக் கேட்டால் ஆதரவுதான். ஆனால் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் எரிவாயுச் சங்கிலியிலிருந்து விடுதலை என்கிற மாதிரி எழுதும்போது எனக்கு அந்த 0.3 விநாடி நினைவுக்கு வருகிறது. ஒரு கயிற்றை அவிழ்த்து இன்னொரு கயிற்றில் கட்டுகிறோம். துணையாக வருகிற மீத்தேனை அப்புறம் எங்கே வைப்பது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வரும்.

பை தீர்ந்த வருடத்திலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கொள்முதல் மதிப்பில் கடைசி இடத்தில் இருக்கிற, ஆனால் இல்லாவிட்டால் ஆலை நிற்கிற பொருள்கள். ஃபிலிம் ரோல், பேலட், டீல், டி.பி.சி., கம்ப்ரஸர் சீலுக்கான உதிரி, கூலிங் டவரில் போடுகிற மருந்து, ட்ரையரில் ஈரத்தை உறிஞ்சுகிற மூலக்கூற்றுச் சல்லடை என்று 43 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் தருகிறார்கள், வர எத்தனை வாரம், எப்போது காலாவதி. மாதம் ஒருமுறை திட்டமிடல், மின்பிரிவு, ஸ்டோர், பேக்கிங் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். அரை மணி நேரம்கூட ஆகாது.

போன மாதக் கூட்டத்துக்குக் கருவிப் பிரிவிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியும் வந்திருந்தாள். பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"சார், அனலைசரைச் சரிபார்க்கிற வாயு, கேலிப்ரேஷன் கேஸ், இதுல இல்லையே?"

"அது ஸ்டோர்ல இருக்குமே."

"அசெட்டிலீன் அனலைசருக்கு ஒரே ஒரு சிலிண்டர் சார். காலாவதி அடுத்த மாசம். அது போச்சுன்னா எத்திலீன் ஓகேன்னு யாரும் கையெழுத்துப் போட முடியாது."

ஸ்டோர்காரர் எழுந்து வெளியே போய் ஃபோன் செய்தார். சப்ளையர் பதினான்கு வாரம் என்றாராம். நான் நோட்டை எடுத்து 44 என்று எழுதினேன். அவள் பக்கத்து ஆலைகளில் யாரிடம் கூடுதல் சிலிண்டர் இருக்கும் என்று அதற்குள் கேட்க ஆரம்பித்திருந்தாள்.